கடப்பு வைக்காத சுவர்

தண்ணீர் விஷயத்தில் நான் கஞ்சன். இதை ஒளிக்க வேண்டியதில்லை, கேட்டால் ஊரே சொல்லும். என் வாப்பா இறக்காமத்தில் வட்டை விதானையாக இருந்தவர். குளத்துத் தண்ணீரை யாருடைய வயலுக்கு எத்தனை மணித்தியாலம் விடுவது என்று தீர்மானிக்கிற வேலை. அந்த வேலை பார்க்கிறவருக்குச் சினேகிதர்கள் நிலைப்பதில்லை. வீட்டிலும் அவர் அப்படித்தான். முகம் கழுவுகிற தண்ணீர் கத்தரிப் பாத்திக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. நானும் அதே அச்சில் வார்த்தவன். பிறகு அந்தக் கஞ்சத்தனம் தண்ணீரோடு நிற்கவில்லை, எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. அதனால் நான் இழந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குரியது, அதைச் சுற்றியுள்ள வளவும் பெண்ணுக்குரியது. நான் கல்முனைப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஒரு சூட்கேசோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். அரசாங்கக் கட்டட வேலைகளில் மேற்பார்வை பார்க்கிற ஓவசியராக இருந்த காலம் அது. மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்தது களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் உள்ள சின்ன வீடு. எழுபத்தெட்டாம் வருடச் சூறாவளி அதை ஒரே மூச்சில் கொண்டுபோய்விட்டது. வளவிலிருந்த தென்னைகள் வேர் தெரிய விழுந்து கிடந்தன. கடல் ஏறி வந்து போனதில் கிணறும் முழுக்க உப்புக் கரித்துவிட்டது.

நாங்கள் மனைவியின் தாயான மாமியின் வீட்டுப் பின்னறைக்குப் போனோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இருவருக்கு அந்த அறை போதும் என்று இருந்துவிட்டோம். சில வருடங்களில் மனைவியின் தங்கைக்குக் கலியாணம் பேசினார்கள். வீடு இல்லாத பெண்ணுக்கு எங்கள் ஊரில் மாப்பிள்ளை வரமாட்டான். ஆகவே மாமியின் வீடு தங்கைக்கென்று எழுதப்பட்டது. அதில் யாரும் அநியாயம் செய்யவில்லை. ஆனால் எங்களுக்கு வெறும் வளவும் விழுந்த தென்னைகளும்தான் மிஞ்சின.

அப்போதுதான் அவள் குவைத்துக்குப் போகிறேன் என்றாள். ஊரில் அங்கொன்று இங்கொன்றாகப் பெண்கள் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம்.

"ரெண்டு வருஷம் கண்ண மூடித் தொறக்க முடிஞ்சிரும். நீங்க வீட்டக் கட்டுங்க. வந்தா எங்கட வீட்டுக்குத்தான் வருவன்," என்றாள்.

நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: அவள் திரும்பி வந்தால் இனி எங்கும் போகத் தேவையில்லாத வீடாக அது இருக்க வேண்டும். அப்படி ஒரு வீட்டைக் கட்டினால் அவள் எனக்கு மிஞ்சுவாள், கட்டாவிட்டால் திரும்பவும் போய்விடுவாள். கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மனைவி இல்லாத வீட்டில் மாப்பிள்ளை விருந்தாளி. மாமி குறை வைக்கவில்லை, சோற்றை மூடி முன் விறாந்தைக்கு அனுப்பிவிடுவார். தனியே சாப்பிட்டு எழும்புவேன். உள்ளே புது மாப்பிள்ளையின் சிரிப்புக் கேட்கும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எங்கள் வளவில் சீமெந்துப் பைகளை அடுக்கவென்று போட்ட கொட்டிலில் ஒரு பாயை விரித்து அங்கேயே இருந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. அது எனக்கு வலித்தது.

சூறாவளி வருடத்தில் எல்லோரும் விழுந்த தென்னைகளை எரித்துத் தீர்த்துக்கொண்டிருக்கும்போது நான் எங்கள் மரங்களின் அடித்துண்டுகளை மட்டும் அரிவித்து, வாய்க்கால் சேற்றில் ஊறப்போட்டு எடுத்து, கல்லின் மேல் அடுக்கிக் கிடுகால் மூடி வைத்திருந்தேன். தென்னையில் அடிப்பகுதியின் வெளிவட்டம் வைரம். உள்ளே சோறு. அந்தச் சோற்றைப் பார்த்துவிட்டுத்தான் தச்சு வேலை பார்க்கிற ஓடாவிமார் தென்னையை மரமென்றே மதிப்பதில்லை. கூரையைத் தாங்குகிற தீராந்தியும் தூணும் அந்த வைரத்தில்தான் என்று முடிவு செய்தேன். காட்டு மரம் ஒன்றுகூட வெட்டாமல் கூரை ஏற வேண்டும் என்று ஒரு பிடிவாதம். விழுந்ததை எழுப்பி நிறுத்துவதில் ஒரு ஆறுதலும் இருந்தது.

சுவருக்குச் சுட்ட கல் வேண்டாம் என்றேன். எங்கள் வேலைத்தலக் களஞ்சியத்தில் மண் அழுத்தும் இரும்புப் பெட்டி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. சிவந்த கிறவல் மண்ணில் ஒரு கைப்பிடி சீமெந்தைக் கலந்து, பெட்டியில் நிரப்பி, நீண்ட பிடியை இழுத்து அமுக்கினால் ஒரு கல். வெயிலில் வைக்கக் கூடாது, நிழலில் ஈரச் சாக்குப் போட்டுக் காயவைக்க வேண்டும். அனுமதி கேட்டு எழுதி அதை இரவல் எடுத்து வந்தேன். எங்கள் ஊர் முழுக்கக் கடல் மணல், ஒரு பிடி கிறவல் கிடைக்காது. இறக்காமத்திலிருந்து உழவு மெஷின் பெட்டியில் வந்தது. நான் பிறந்த ஊர் மண், அவளுடைய வளவுக்கு. வேலை முடிந்து வந்ததும் தினமும் நான்கைந்து கல்லாவது அமுக்குவேன். பேச்சுக்கு ஆள் இல்லாதவனுக்கு அது நல்ல வேலை.

காரைதீவிலிருந்து ஒரு மேசன் வந்து சுவர் எழுப்பினார். என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். அரிசி மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து எரிந்த உமியின் வெள்ளைச் சாம்பலை அரித்தெடுத்துச் சுண்ணாம்போடு குழைத்து உள்பூச்சுக்குக் கொடுத்தேன். அவர் கரண்டியால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சாம்பலால வீடு பூசுற மனிசன இப்பதான் காணுறன் ஓவசியர்."

"காஞ்ச பிறகு நகத்தால கீறிப் பாருங்க அண்ணன்."

காய்ந்த பிறகு கீறிப் பார்த்தார். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

அவளுடைய முதல் கசட் வந்தது வேலை தொடங்கி இரண்டு மாதத்தில். அந்தக் காலத்தில் கடிதத்தைவிடக் கசட்டுக்குத்தான் மவுசு. ஊருக்கு லீவில் வருகிறவர்கள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். கசட் மாமி வீட்டுக்குத்தான் வரும். அவள் அனுப்பிய ரேடியோவை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். உம்மாவுக்கு, தங்கைக்கு, தங்கை மாப்பிள்ளைக்கு, அயலில் உள்ளவர்களுக்கு என்று வரிசையாகச் சொல்லி வருவாள். என்னுடைய முறை வரும்போது குரல் கொஞ்சம் தணியும்.

"அவருக்கும் சலாம் செல்லுங்க. கசட்ட முழுக்கக் கேக்கச் செல்லுங்க."

அவ்வளவுதான். அத்தனை பேர் கேட்கிற இடத்தில் புருசனோடு வேறு என்ன கதைப்பது? அவள் சொல்கிற இடத்தில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், நான் கூரையைப் பார்ப்பேன். பதிலுக்கு நாங்கள் பதிகிற கசட்டில் நானும் மாமிக்குப் பின்னால் நின்று, "நான் சுகம். அத்திவாரம் போட்டாச்சி. தூண் எட்டும் நட்டாச்சி," என்று வேலைத்தல அறிக்கை வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு ஒதுங்குவேன். உன்னைத் தேடுது என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

முதல் கசட்டில் உம்மாவுக்குச் சொன்ன வசனம் ஒன்று என் காதில் ஒட்டிக்கொண்டது. "தண்ணிக்கி எங்கயும் போற வேல இல்ல உம்மா. குசினிக்குள்ள குழாயத் தொறந்தா வருது. கிணத்தடி, குடம் ஒண்டும் இல்ல."

அதை மறுபடி கேட்கவென்று கசட்டையும் ரேடியோவையும் இரவல் வாங்கிக் கொட்டிலுக்குக் கொண்டு போனேன். ரேடியோவுக்குப் பெரிய பற்றரி ஆறு வேண்டும். இனக் குழப்பம் வந்து பாதை பூட்டுகிற நாட்களில் கடையில் பற்றரியும் இராது. ஆகவே எனக்கு வேண்டிய இடத்தைக் கேட்டுவிட்டு, சலாம் வந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தானே. இப்படி அந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. பின்னணியில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கும். என் மனைவிக்கு அது எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொள்வேன்.

நினைக்கக் காரணம் இருந்தது. எங்கள் கிணறு முன்பே குடிக்க உதவாது, அவள் கலியாணம் முடித்த நாளிலிருந்து நல்ல தண்ணீருக்கு மூன்று வளவு தாண்டிப் போய்வந்தவள். ரோட்டால் அல்ல. எங்கள் ஊரில் வளவுக்கும் வளவுக்கும் நடுவில் உள்ள வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் கடப்பு. அது பெண்களின் பாதை. பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் குடத்தோடு ஒருத்தி புறப்பட்டால் கடப்புக்குக் கடப்பு ஒருத்தியாகச் சேர்ந்து, மாமி வீட்டுப் பின்வளவையும் தாண்டி, கிணற்றடிக்குப் போய்ச் சேரும்போது ஏழெட்டுப் பேராகிவிடும். ஆண்கள் அந்த வழியால் போவதில்லை. தப்பித்தவறிப் போக வேண்டி வந்தால் தூரத்திலேயே இருமிக் காட்ட வேண்டும். நான் ஒரு நாளும் போனதில்லை. குடத்தோடு இடுப்பு வளைந்து அவள் திரும்பி வருவது மட்டுமே எனக்குத் தெரியும். குடம் நிறைந்திருக்கும், அதற்கு அவள் ஒரு மணித்தியாலம் எடுத்திருப்பாள். பாவம், கிணற்றடியில் எவ்வளவு நெருக்கடியோ என்று நினைப்பேன்.

ஆகவே வீட்டின் நடுவே தண்ணீரை வைத்தேன். ஓட்டுக் கூரையின் நாலு பக்கமும் மழைத் தண்ணீரை ஏந்துகிற பீலி. பீலித் தண்ணீர் முழுக்கச் சமைக்கிற குசினியின் சுவரோடு ஒட்டி, இடுப்பளவு மேடையில் கட்டிய தொட்டிக்கு வரும். மாரியின் முதல் மழை கூரைத் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை வாழைக்குத் திருப்பிவிட ஒரு தனிக்குழாய் வைத்தேன். தொட்டியிலிருந்து குசினிக்குள் ஒரு குழாய், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கிற இடத்தில் ஒரு குழாய். ஒளு எடுத்த தண்ணீர் கல்லும் மணலும் போட்ட குழி வழியாக இறங்கி முருங்கைக்கும் வாழைக்கும் போகும். ஒரு சொட்டுக்கூட வளவைவிட்டு வெளியே போகாது. தொட்டிக்குள் விட்டு அளக்க ஒரு தடி வைத்திருந்தேன். தையில் தொட்டி நிறைந்திருந்தால் இரண்டு பேருக்கு அடுத்த மாரி வரைக்கும் குடிக்கவும் ஆக்கவும் காணும் என்று அந்தத் தடியில் கோடு கீறி வைத்திருந்தேன். வாப்பா பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

கடைசியாக வளவைச் சுற்றி மதில். மிஞ்சிய மண்கல்லில் மேசன் அண்ணன் மூன்று பக்கம் முடித்துவிட்டார். பின்பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் ஓரம் இரண்டையும் நேராக நிறுத்தி இடைவெளி விட்டிருந்தார். அடுத்த நாள் கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் அவர் வரவில்லை. ரோட்டில் எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் அவர்களுடைய தமிழ் ஆட்களுக்கும் குழப்பம் என்றார்கள். காரைதீவு கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரத்தைத் தாண்டி அவர் பிறகு எங்கள் ஊருக்கு வரவேயில்லை. சுவர் நேர் பார்க்கிற அவருடைய தூக்குநூல் என்னிடம்தான் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கிற துணிச்சல் எனக்கும் இருக்கவில்லை.

இடைவெளியை நானே கட்டி அடைத்தேன். அது கடப்புக்கென்று விட்டது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் தண்ணீர் குசினிக்குள் வந்த பிறகு கடப்பு என்னத்துக்கு? அவள் இனி வெயிலில் குடம் சுமக்கத் தேவையில்லை. அதை அடைத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாமி ஒரு நாள் ரோட்டால் சுற்றி வந்து பார்த்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒளுத் தண்ணீர் வாழைக்குப் போவதைக் காட்டினேன். "அது நல்ல வேல மருமகன்," என்றார். பின்பக்கம் போனவர் மதிலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கடப்பு எங்க?"

"இனித் தேவயில்லயே மாமி. தண்ணி உள்ளுக்கே வருது."

"அவ செல்லித்தான் அடச்சீங்களா?"

அந்தக் குழாய் வசனம் என் மனதில் இருந்தது. "ஓம்," என்றேன்.

மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ரோட்டால் திரும்பிப் போனார். அதன் பிறகு அவர் வருவது குறைந்துபோயிற்று. நான் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில், இரண்டு வருடம் முடியப்போகிற நேரத்தில் வந்த கசட்டுக்கு, "பூச்சு வேலை முடிஞ்சி," என்று மட்டும் பதில் பதிந்து அனுப்பியிருந்தேன். இரண்டு வருடமும் முடிந்தது. அவள் வரவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டாள் என்று லீவில் வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. அவளுக்கு அந்த நாடு பிடித்துவிட்டது, அங்குள்ள குழாயும் சலவைக்கல் தரையும் பிடித்துவிட்டன, இந்த ஓவசியர் இனி என்னத்துக்கு என்று எனக்குள்ளேயே கதை கட்டினேன். அடுத்த கசட்டுக்குப் பதில் பதிகிறபோது, "நான் சுகம்," என்று மட்டும் சொன்னேன். பிறகு வந்த கசட்டுகளை மாமி வீட்டில் ஒரு தடவை கேட்டுவிட்டுத் திரும்பக் கேட்கவில்லை. மாமி எல்லாக் கசட்டுகளையும் ஒரு பிஸ்கட் பேணியில் போட்டு என்னிடமே தந்துவிட்டார்.

அடுத்த இரண்டு வருடமும் கட்டி முடித்த வீட்டில் தனியே இருந்தேன். நல்ல வீடு அது, என் வாயால் சொன்னால் என்ன. சித்திரை வெயிலில்கூட மண்சுவர் உள்ளே குளிர்ச்சியை வைத்திருக்கும். மழை பெய்தால் நாலு பீலியும் ஒன்றாகத் தொட்டிக்குள் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் நின்ற பிறகு வேறு சத்தமே இராது. அசர் நேரத்தில் மதிலுக்கு அப்பால் பெண்கள் கதைத்துக்கொண்டு போவது கேட்கும், எங்கள் வளவுக்கு நேரே வந்ததும் கதை தூரமாகிவிடும். முன்பெல்லாம் நேராக வந்தவர்கள் இப்போது சுற்றிப் போகிறார்கள். எனக்குத் தேவைப்பட்ட தண்ணீர் எல்லாம் என்னிடம் இருந்தது, கதவைத் தட்ட மட்டும் ஒருவரும் இல்லை.

அவள் ஒரு தை மாதம் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். கைகளில் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. மாமி வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது முடிந்த பிறகு, ரோட்டால் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. தூணைக் காட்டி இது உன்னுடைய முற்றத்துத் தென்னை என்றேன். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். குசினிக் குழாயைத் திறந்து காட்டினேன். அவள் கையை நீட்டிக் கொஞ்சம் குடித்தாள்.

"நல்லா இரிக்கி," என்றாள்.

அசர் தொழுதாள். பிறகு, நான் தடியையும் கோட்டையும் விளங்கப்படுத்த வாய் திறக்கும்போது, பழைய அலுமினியக் குடத்தை எங்கிருந்தோ தேடி எடுத்துக் கழுவிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். மதிலின் முன்னால் நின்றாள். குடம் இடுப்பில் இருந்தது. அடைத்த இடத்தைக் கையால் தடவினாள்.

"நான் கேட்டதுக்கு இதுதானா மறுமொழி?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீதானே செல்லின, குழாயத் தொறந்தா வருது, எங்கயும் போகத் தேவயில்ல எண்டு."

"அது உம்மாக்குச் சொன்ன. உம்மா அழக் கூடாதெண்டு சொன்ன." அவள் குரல் உயரவில்லை. "நாலு வருஷம். விடிஞ்சா பொழுதுபட்டா அந்தக் குழாயும் நானும்தான். கதைக்க ஒரு சீவன் இல்ல. எங்கட கிணத்தடிய நினைச்சி நினைச்சித்தான் நான் கிடந்த." பிறகு என்னைப் பார்த்தாள். "கசட்டக் கடசி வரைக்கும் கேட்டீங்களா?"

"கேட்டன்தானே. சலாம் வரைக்கும்..."

"அதுக்குப் பொறகு?"

"பற்றரி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அவள் குடத்தை மதிலோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குவைத்துக்குத் திரும்பவும் போக ஏஜென்சிக்காரன் கொடுத்துவிட்ட புதுக் கடதாசி அவள் பையில் இருந்ததைப் பார்த்தேன். கையெழுத்து வைக்கவில்லை, ஆனால் இருந்தது.

மறுநாள் காலை இடிக்கிற இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். நான் அடைத்த துண்டை மேசன் அண்ணனின் சுவரோடு கல்லுக்குக் கல் கோர்த்துக் கட்டத் தெரியாமல் கட்டியிருந்தேன். நாலு குத்தில் பிரிந்து விழுந்தது. அவர் நிறுத்திய ஓரம் இரண்டும் அசையாமல் நேரே நின்றன. அந்த மனிதனுக்கு எங்கள் வீட்டுப் பெண்ணின் வழி தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அசருக்குப் பிறகு அவள் வந்து பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு அந்த வழியால் போனாள். நான் ஆறு புதுப் பற்றரி வாங்கி வந்திருந்தேன். பேணியைத் திறந்து முதல் கசட்டைப் போட்டேன். சலாம் வந்தது. நிறுத்தவில்லை. இரைச்சல் ஓடியது, குழாய் சொட்டியது, வெகு நேரம் வேறொன்றும் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். அதிலும் வெறும் இரைச்சல். கசட் முடியப்போகிற இடத்தில் அவளுடைய குரல் வந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைப்பதுபோல் மெதுவாக.

"இஞ்சேருங்க. இது ஒங்களுக்கு மட்டும். உம்மாக்கள் இவ்வளவு தூரம் கேக்கமாட்டாங்க. வீட்டக் கட்டக்குள்ள கடப்பப் பெரிசா வெச்சிக் கட்டுங்க. ரெண்டு பேர் குடத்தோட ஒண்டாப் போறாப்போல. வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் அவள் இருந்தாள். ஒன்றில் காய்ச்சல் என்றாள். ஒன்றில் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். இரண்டாம் வருடம் முடிகிற நேரத்தில் வந்த கசட்டில் இது இருந்தது:

"இஞ்சேருங்க, ரெண்டு வருஷம் முடியப் போகுது. மேடம் இன்னும் இரி எண்டு செல்றா. எனக்கு ஏலாது. நான் வரட்டா? நீங்க வா எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வந்துருவன். அடுத்த கசட்டுல சொல்லுங்க. நீங்க ஒண்டும் சொல்லாட்டி, இரிக்கச் செல்றீங்க எண்டு எடுத்துக்குவன்."

அந்தக் கசட்டுக்கு நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பூச்சு வேலை முடிஞ்சி.

பற்றரி மிச்சம் பிடித்த கணக்கு இரண்டு வருடம். அந்த உரிந்த கைகளில் பாதி என்னுடைய கஞ்சத்தனம். நான் அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு எழும்பினேன். அவள் வரும் வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. பின்பக்கம் போய், இடித்த கல்லை மிதித்து, அந்த வழியால் நுழைந்தேன். முதல் வளவு, இரண்டாம் வளவு. நானறியாத ஊரொன்று போல இருந்தது. கோழிகள், காயப்போட்ட உடுப்புகள், அடுப்புப் புகை, எல்லா வீட்டினதும் முதுகுப்புறம். கிணற்றடிக்குக் கிட்ட வந்தபோதுதான் இரும வேண்டும் என்பது நினைவு வந்தது. இருமினேன்.

கதை நின்றது. ஏழெட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பினார்கள். மாமியும் இருந்தார். அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன மருமகன், என்ன நடந்த?" என்றார் மாமி பதறி.

நான் மாமியைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கலாம் என்றால் அங்கே கூரையும் இல்லை.

"வா," என்றேன் அவளிடம். "வா எண்டு செல்ல வந்தன்."

அவளுக்கு விளங்கிவிட்டது. கயிற்றை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் வந்து ரெண்டு நாளாகுது," என்றாள். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, நிறைந்த குடத்தை என் கையில் தந்தாள்.